கரட் கழுவும் மெஷினும் காணி உறுதியும்

நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளைப் பக்கம் எங்கள் அப்பா பயிரிடும் நிலம் கால் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். கல் அடுக்கிய பதினொரு படிகளாக அது சரிவில் இறங்குகிறது. எந்தப் படியிலும் இரண்டு பாத்திக்கு மேல் அகலமில்லை. கரட்டும் லீக்ஸும் கோவாவும் மாற்றி மாற்றிப் போடும் அந்த மண்ணை இன்றும் மண்வெட்டிதான் புரட்டுகிறது.

இலங்கையில் விவசாய இயந்திரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வயல்தான். விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையமும் உலர்வலயத்தில், மகா இலுப்பள்ளமையில் இருக்கிறது. வயலுக்கு ஏற்ற லேண்ட் மாஸ்டர் என்ற இருசக்கர உழவு மெஷினை எங்கள் மேல்படிக்குக் கொண்டுபோக நான்கு பேர் தூக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது ஒருவர் தள்ளிச் செல்லக்கூடிய சிறிய உழவு மெஷின். அதையும் கண்டபடி ஓட்ட முடியாது. பொடியாகிய மண் ஒக்டோபர் மழையில் ஓடைக்குப் போய்விடும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதலே இருந்தும், ஓடைகள் இன்னும் செம்மண் நிறத்தில்தான் ஓடுகின்றன.

உண்மையில் எங்கள் கஷ்டத்தைக் குறைத்தது கரட் கழுவும் மெஷின். முன்பு அம்மாவும் சின்னம்மாவும் விடியற்காலையில், விரல் மரத்துப்போகும் ஓடைத் தண்ணீரில் நின்று மூட்டை மூட்டையாகக் கழுவினார்கள். இப்போது சுழலும் பீப்பாய் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அது கரட் வாங்கும் முதலாளிக்குச் சொந்தமானது. கழுவு கூலியைக் கழித்துக்கொண்டே அவர் விலை சொல்வார்.

அத்தகைய மெஷினை நாமே வாங்க உதவி கிடைக்காதா என்று கேட்பீர்கள். உலக வங்கிக் கடனில் 2016இல் தொடங்கிய விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டம் போன்றவற்றில், பயனாளியும் தமது பங்குப் பணத்தைப் போட்டால் மானியம் கொடுத்தார்கள். பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம், காணி உறுதிக்கு, அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரத்துக்கு, எங்கே போவது? நாங்கள் பயிரிடுவது தேயிலைத் தோட்டக் காணி. அது அரசுக்குச் சொந்தம், 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் அப்பாவின் விண்ணப்பத்தைப் பார்த்தவர், உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் இருக்கிறதா என்று மரியாதையாகவே கேட்டார். முப்பது வருடமாக அந்த மண்ணைக் கொத்தியவர் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டார்.

ஆளுக்கொரு மெஷின் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. கமநல சேவை நிலையத்தின் கீழுள்ள கமக்காரர் அமைப்புகளிடம் சிறிய மெஷின்களை ஒப்படைத்து நாள் வாடகைக்கு விடலாம். உறுதி வைத்திருப்பவரை மட்டுமல்லாமல், பயிரிடுபவரையும் அந்த அமைப்பில் உறுப்பினராக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரும் உதிரிப்பாகமும் நுவரெலியா டவுனிலேயே கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது போகத்திலேயே அந்த மெஷின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கும்.