முப்பத்தெட்டுக் கோலங்கள்

டிசம்பர் 19, 2024, வியாழன்

2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது அம்மாவின் கோல நோட்டும் நனைந்தது. வெயிலில் பிரித்துக் காயவைத்தோம். பக்கத்துக்குப் பக்கம் நீலத் திட்டுதான் மிச்சம். அதற்கப்புறம் அவள் நோட்டு எழுதவே இல்லை. கைக்கு வருவதைப் போடுகிறாள். மார்கழிதோறும் நான் போனில் எடுத்து வைத்த படங்கள் 214 இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு ஏஐ பட மாடலைப் பயிற்றுவிக்கப் போகிறேன். பொது மாடல்களிடம் சிக்குக் கோலம் கேட்டால் கலர் பொடியும் பூவிதழும் நடுவில் ஒரு விளக்குமாக ரங்கோலி வருகிறது. எங்கள் வாசலில் அப்படி ஒரு கோலம் இருந்ததே இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

214-இல் 38 தேறியது. என் நிழல் விழுந்தவை, பால்காரர் செருப்புத் தடம் பதிந்தவை, சாய்வாக எடுத்ததால் புள்ளி வரிசை ஒரு பக்கம் குறுகிப்போனவை எல்லாம் போயின. ஓரளவு சாய்ந்தவற்றை நிமிர்த்திக்கொண்டேன்.

பெரிய 13 புள்ளிக் கோலங்களை எடுத்துவிட மனசே வரவில்லை. ஆனால் எடுத்தேன். நான் பயன்படுத்துவது 2023-இல் வந்த எஸ்டிஎக்ஸ்எல் என்ற பட மாடல். 1024 பிக்சல் படத்தை அது உள்ளே 128-க்கு 128 கட்டமாகச் சுருக்கித்தான் பார்க்கும். அதாவது 8 பிக்சலுக்கு ஒரு கட்டம். பெரிய கோலம் முழுசாகப் படத்துக்குள் வந்தால் அம்மாவின் இழை ஐந்தாறு பிக்சல்தான் தேறும், ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அடுத்தடுத்த இரண்டு இழைகளை அது எப்படிப் பிரித்துப் பார்க்கும்? அதனால் 5, 7 புள்ளிக் கோலங்கள் மட்டும்.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை முழுக்க, ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று விவரம் எழுதுவதிலேயே போனது. எல்லாவற்றிலும் ‘அம்மாகோலம்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் முதலில் வைத்தேன். பிறகு நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா, எத்தனை புள்ளி, காவி உண்டா இல்லையா. இந்த மூன்றுக்கும் அம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். ஒரு படத்தை 5 புள்ளி என்று நான் எழுத, “நடு வரிசைய எண்ணுடி, ஏழு” என்றாள். எண்ணினேன், ஏழுதான்.

டிசம்பர் 28, சனி

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. ராத்திரி முழுக்க ஓட விட்டுக்கொடுத்தான். முழு மாடலையும் மாற்றுவதில்லை. ஏழு ஜிபிக்குச் சற்றுக் குறைவான மூல மாடல் அப்படியே இருக்க, அதன் மேல் ஒட்டும் ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் பயிற்சி. இதற்குப் பெயர் லோரா. 38 படம், ஒவ்வொன்றும் பத்துத் தடவை, ஐந்து சுற்று, ஆக 1900 படி. ஒரு படிக்கு எவ்வளவு மாறலாம் என்று சொல்லும் கற்கும் வேகம் 0.0001.

டிசம்பர் 29, ஞாயிறு

வெள்ளை மாவு, ஈர சிமெண்ட், ஓரத்தில் அம்மா இழுக்கும் அந்த இரட்டைக் காவிக் கோடு, எல்லாம் வந்திருந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் கவனித்தேன். எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் ஒரு விரிசல். எங்கள் வாசல் தரையில் கொடி மாதிரி ஓடும் அதே விரிசல். நான் அதை எந்த விவரத்திலும் எழுதவில்லை. எழுதாமல் விட்டது எதுவானாலும், 38 படத்திலும் திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் ‘அம்மாகோலம்’ என்ற சொல்லுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஐந்தாம் சுற்றில் பழைய படங்களையே மனப்பாடமாக ஒப்பித்தது. மூன்றாம் சுற்றுதான் பரவாயில்லை.

ஜனவரி 4, 2025, சனி

விரிசலை விவரத்தில் சேர்த்து, சில படங்களில் ஓரத்தை வெட்டி, மறுபடி ஓட்டினேன். விரிசல் போயிற்று. இருபது படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கி, சுண்டு விரலை ஒரு வளைவில் வைத்து நகர்த்த ஆரம்பித்தாள். “இப்படி உள்ள வந்து, இந்தப் புள்ளியச் சுத்தி, அங்க வெளிய...” விரல் நின்றது. “இங்க அத்துப்போச்சு பாரு.” அடுத்த படத்தில் இரண்டு இழை ஒன்றாக ஒட்டிப் போயிருந்தது. இன்னொன்றில் ஏழு இருக்க வேண்டிய வரிசையில் ஆறு புள்ளி. நான் அழகாக இருக்கிறது என்று நினைத்த படம் அது. இருபதில் மூன்றுதான் முழுசாகக் கூடியவை. மூன்றும் 5 புள்ளி.

ஜனவரி 5, ஞாயிறு

விரல் நின்ற அந்த இடமே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-லேயே கோலத்தை ஒரு இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சிறு சிறு துண்டுகள், அவற்றைச் சேர்க்க விதிகள், அதிலிருந்து கோலம் வளரும். அம்மாவின் விரலும் விதிப்படிதான் போகிறது. என் மாடலோ இரைச்சலான புள்ளிக் குவியலில் இருந்து முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிய வைக்கிறது. அதில் இழை எங்கேயும் தொடங்குவதும் இல்லை, சுற்றி வருவதும் இல்லை. நான் கொடுத்த 38 படமும் போட்டு முடித்த கோலங்கள். போடுவதை நான் அதற்குக் காட்டவே இல்லை.

ஜனவரி 11, சனி

படத்தின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மாடலுக்கு வழிகாட்டும் கண்ட்ரோல்நெட் என்ற துணைப் பகுதியைப் போட்டுப் பார்த்தேன். புள்ளி வரிசையை மட்டும் ஒரு படமாகக் கொடுத்தால் மாடல் அதை விட்டு நகராது. 5 புள்ளியில் பாதிக்கு மேல் இழை கூடிவிட்டது. 7-இல் இன்னும் அறுகிறது.

அம்மாவுக்கு முட்டி வலி. இந்த மார்கழி முடிய மூன்று நாள்தான் இருக்கிறது. நாளைக்கு ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் நிறுத்து, படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“நடுவுல நிறுத்தினா கை மறந்துடும்டி. வீடியோவா எடுத்துக்கோ.”

வாசல் சன்ஷேடில் போனைக் குப்புறக் கட்டி வைத்திருக்கிறேன். நாலரைக்கு அலாரம்.