அப்பாவின் மருந்துச் செலவும் என் வருமான வரியும்

அப்பா ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். நான் மதுரையில். அவருக்கு ஆகிற செலவை வரியில் கழிக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். "அப்பா என்னை நம்பித்தான் இருக்கார்னு எழுதி மொத்தமா ஒரு தொகையைக் கழிக்க நம்ம சட்டத்துல வழியில்லை. மருத்துவத்துக்குச் செஞ்சதைத்தான் காட்டணும்" என்றார்.

அதற்குத்தான் 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு. பெற்றோர் அறுபதைத் தாண்டி, மருத்துவக் காப்பீடும் இல்லாதிருந்தால், நாம் செய்த மருத்துவச் செலவை வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை வரிக்குரிய நம் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை. பாலிசி இருந்தால் பிரீமியத்துக்கும் இதே வரம்புதான். மாமனார் மாமியாருக்குப் பொருந்தாது என்றதும் வீட்டில் ஒரு முறைப்பு வந்தது.

80டிடிபி என்று இன்னொன்று உண்டு, மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி நோய்களுக்கு மட்டும். அப்பாவின் சர்க்கரையும் இதயமும் அந்தப் பட்டியலில் இல்லை.

இடித்தது ரொக்கம்தான். ரொக்கமாகக் கொடுத்த மருத்துவச் செலவு 80டியில் செல்லாது. மீன்பிடிக்கிற எங்கள் ஊரிலோ படகுப் பங்கு முதல் எல்லாமே கையில் புழங்குகிற காசு. மருந்துக்கடையில் அப்பாவுக்கு ஒரு பற்று நோட்டு. விசைப்படகு கரை வந்ததும் தம்பி பங்குக் காசில் அடைப்பான். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் கூட்டிக் கொடுப்பார்கள், அதிலும் அப்பாவை வீட்டில் கூப்பிடும் பெயர்தான் இருக்கும். தம்பி ரொக்கமாகக் கொடுத்ததை நான் எப்படிக் காட்டுவது?

அதனால் பொறுப்பை மாற்றிக்கொண்டோம். மருந்துக்கடை, லேப், டாக்டர் ஃபீஸ் எல்லாம் என் ஜிபேயில். மளிகையும் கேஸும் தம்பி. ஆதாரில் உள்ள பெயரில் கம்ப்யூட்டர் பில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் தம்பி கையைப் பிசைந்துகொண்டிருந்தாலும் மருந்து நிற்காது என்பதால் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்வரும் கார் வாடகையைச் சேர்க்க வேண்டாம் என்றார் ஆடிட்டர்.

என் சம்பளத்தில் வரி பிடிக்கும் கம்பெனியில் பிரீமிய ரசீதைத்தான் வாங்குவோம் என்றார்கள். பரவாயில்லை, ரிட்டர்னில் நேராகவே போடலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய வரிமுறைதான். அதில் 80டி கிடையாது. பழையது வேண்டுமென்றால் கெடுவுக்குள் (நான் போட்ட வருடம் அது ஜூலை 31) தாக்கல் செய்ய வேண்டும். எனக்கு வீட்டுக்கடன் வட்டியும் பிஎஃப்பும் இருந்ததால் பழையது கட்டுப்படியானது. இந்த 50,000 மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் பெரும்பாலும் கட்டாது. இரண்டிலும் போட்டுப் பாருங்கள். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு முழுத் தொகைக்கும், வரிமேல் போடும் செஸ்ஸோடு சேர்த்து, 10,400 ரூபாய் மிச்சம். தாக்கல் செய்து 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு உறுதிசெய்ய மறக்காதீர்கள். ரீஃபண்ட் கணக்கில் வந்து சேர்ந்தது.

பில்களை ரிட்டர்னோடு இணைக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டால் காட்ட வேண்டும். கடை பில்லின் மை சீக்கிரம் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அம்மா தன் கட்டைவிரலையும் சேர்த்தேதான் எடுக்கிறார். தேதியும் தொகையும் தெரிந்தால் விட்டுவிடுகிறேன்.