‘நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க’

ஜூன் 10, 2024, திங்கள்

49 நாள் கழித்து இன்றைக்குத்தான் பனியன் கம்பெனிக்குள் கால் வைத்தேன். கர்ப்பப்பை ஆபரேஷன். வேலைக்குப் போகலாம் என்று எழுதிய இ.எஸ்.ஐ. டாக்டர், மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றும் அதே சீட்டில் எழுதியிருக்கிறார். ஆபீஸில் கொடுத்துவிட்டு என் செக்கிங் டேபிளுக்குப் போனால், புதுப்பெண் ஒருத்தி நிற்கிறாள். கைப்பிடியில் நான் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்த கத்தரி அவள் கையில்.

சூப்பர்வைசர் தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “அக்கா, இனி நீங்க கட்டு எடுத்துப் போட்டாப் போதுங்க.” கட்டிங்கிலிருந்து லைனுக்குத் துணிக்கட்டு சுமப்பது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும்.

ஜூன் 15, சனி

சம்பளக் கவர் லேசாக இருந்தது. செக்கர் ரேட் போய் ஹெல்பர் ரேட்டாம். ஷிப்டுக்கு 90 ரூபாய் குறைவு. ஒன்பது வருஷம் பீஸ் பார்த்த கண்ணுக்கு இதுதான் விலை.

“இத்தனை நாள் சும்மா உட்கார்ந்து காசு வாங்கினீங்கள்ல” என்று சிரித்தார் கணக்கர். சும்மாவா? முதல் 2 நாளுக்குக் கிடையாது. மீதி 47 நாளுக்கு, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. காப்பீட்டிலிருந்து நோய்ப்படியாக வந்தது. அதற்காகச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துக்கொண்டேதானே இருந்தார்கள்?

ஒரு பீகார் பையன், பேச்சு ஒன்றும் புரியாது, என் கட்டையும் சேர்த்து அவனே தூக்கிக்கொள்கிறான்.

ஜூன் 18, செவ்வாய்

ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அப்போதே சந்தேகம் வந்தது. கடிதம் டைப் ஆகித் தயாராக இருந்தது: ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.’ என் இனிஷியலைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். “உடம்பும் முடியலை. நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, பி.எஃப். எல்லாம் சீக்கிரம் வந்துடும்.”

“வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேனுங்க சார்” என்று எழுந்து வந்துவிட்டேன். அவரை நான் எதற்கும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் 23, ஞாயிறு

தொழிற்சங்க ஆபீஸ். சங்கத்து அண்ணன் முதலில் கேட்டது, “கையெழுத்துப் போட்டுட்டியாம்மா?” இல்லை என்றதும்தான் பேனாவை எடுத்தார்.

இ.எஸ்.ஐ. சட்டம் 73-வது பிரிவு: நோய்ப்படி வாங்கும் காலத்திலோ சிகிச்சையில் இருக்கும்போதோ வேலையை விட்டு நீக்கவோ, தண்டிக்கவோ கூடாது. அப்போது நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது. “அதனாலதான் 49 நாளும் வாயைத் திறக்கலை. நீ எந்திரிச்சு வர்றதுக்குக் காத்திருந்தாங்க.” இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேனே, செக்கப் போகிறேனே, அதுவும் சிகிச்சைதானே என்றேன். “அதையும் மனுவுல எழுதுவோம்” என்று சிரித்தார்.

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதிது. வேலையை விட்டு நிறுத்தினால், தொழில் தகராறு சட்டம் 2ஏ பிரிவில் நான் ஒரே ஆளாகவே போகலாம். தொழிலாளர் அலுவலகத்தில் சமரசத்துக்கு மனு கொடுத்து 45 நாளில் முடியாவிட்டால் நேரே லேபர் கோர்ட். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வேலையை மாற்றியதற்கும் சம்பளத்தைக் குறைத்ததற்கும் அந்த வழி கிடையாது. சங்கம் எடுத்து நடத்த வேண்டும். கம்பெனிக்கு இது நன்றாகவே தெரியும். நிறுத்தினால் வழக்கு, ஒடுக்கி ஒடுக்கி நானே போய்விட்டால் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால், மிரட்டி வாங்கினார்கள் என்று முதலில் நான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சம்பளத்தைக் குறைக்க 21 நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம், அதே சட்டத்தில் 9ஏ பிரிவு. எனக்கு வந்த அறிவிப்பு அந்தச் சம்பளக் கவர்தான்.

“ஒருநாள்கூட லீவு போடாதே. கைரேகை வெச்சுட்டே இரு. இல்லைன்னா ‘அந்தம்மாவாவே நின்னுட்டாங்க’ன்னு சொல்லிடுவாங்க.”

ஜூன் 24, திங்கள்

பழைய வேலையும் பழைய சம்பளமும் கேட்டு, டாக்டர் சீட்டின் நகலோடு பதிவுத் தபால். ஒப்புகை அட்டையோடு.

ஜூன் 28, வெள்ளி

அட்டை திரும்பி வந்தது, கம்பெனி சீலோடு. ரேஷன் கார்டு கவருக்குள் வைத்தேன்.

இன்றைக்கு என்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் முன்னால் ஓவர்லாக் அக்கா ஒருத்தரை இப்படித்தான் விரட்டினார்கள். அன்று நானும் தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

ஜூலை 11, வியாழன்

சங்கம் கொடுத்த மனு மேல் தொழிலாளர் அலுவலகத்தில் முதல் பேச்சுவார்த்தை. கம்பெனி சார்பில் யாரும் வரவில்லை. 25-ம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். அரைநாள் கூலி போனது.

மதியம் திரும்பிப் போனபோது புதுப்பெண் கத்தரியைக் கொண்டுவந்து நீட்டினாள். “உங்களுதாமுங்க்கா, தெரியாமப் போச்சு.”

வெச்சுக்க கண்ணு, டேபிளுக்கு வந்ததும் வாங்கிக்கறேன் என்றேன்.