நான் எங்க சார் சீட்டு கட்டுறேன்?

சித்திரை வந்தால் அம்மா வருஷத்துப் புளியை வாங்கி, மொட்டைமாடியில் காயப்போட்டு, கொட்டை எடுப்பாள். அந்தக் கொட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். பொருளாதாரம் நடத்த ஆரம்பித்து இது 26ஆவது வருஷம். இரண்டாமாண்டு பிள்ளைகளுக்கு வட்டி என்றால் என்னவென்று புரியவைக்க அந்தப் பையைவிட நல்ல பாடநூல் இன்னும் என் கையில் சிக்கவில்லை.

பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஏலச்சீட்டு நடத்துவோம். சுற்றுக்கு ஆளுக்கு 10 கொட்டை. ஆகச் சீட்டு 100. ஒரு சுற்று ஒரு மாதம். சீட்டை எடுக்க யார் அதிகம் தள்ளுகிறார், அதாவது விட்டுக்கொடுக்கிறார், என்பதுதான் ஏலம். அது பத்துப் பத்தாகத்தான் ஏற வேண்டும். தள்ளியதைப் பத்துப் பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கமிஷன் கிடையாது. போன வாரம் முதல் சுற்றிலேயே ஒரு பெண் 30 தள்ளி எடுத்துவிட்டாள். அடுத்த மூன்று சுற்றுகள் 20 தள்ளிப் போயின, அப்புறம் மூன்று 10 தள்ளி. கடைசி மூன்றுக்குப் போட்டியே இல்லை, முழுசாகப் போயிற்று.

கணக்குக்கு வந்தோம். முதல் சுற்றில், தள்ளியதில் தன் பங்கு 3 போக, அவள் போட்டது 7, எடுத்தது 70, கையில் நின்றது 63. மீதி ஒன்பது சுற்றில் கட்டியது 81.

"18 கொட்டை வட்டி சார். 29 சதவீதம்."

"ஒன்பது மாசமும் 63 முழுசா உன் கையிலயா இருந்துது? மாசாமாசம் திருப்பிக் கட்டிட்டே வந்தியே?"

எக்செல்லில் போட்டுப் பார்த்தால் மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேலே. "அஞ்சு வட்டி!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு அலறல். கடைசிவரை காத்திருந்த பையன் மொத்தம் 78 கட்டியிருந்தான். கடைசிச் சுற்றில் தான் கட்ட வேண்டிய 10 போக 90 வாங்கினான். அவனுக்குக் கிடைத்தது மூணு வட்டி. ஆண்டு வட்டி, கூட்டு வட்டி என்றால் கொட்டாவி விடுகிற வகுப்பு, அஞ்சு வட்டி என்றதும் நிமிர்ந்து உட்காருகிறது. அந்தச் சொல்லை வீட்டு வாசலில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்.

நான் வளர்ந்தது கும்பகோணத்தில், குலுக்கல் சீட்டில். அம்மா நடத்தினாள். 12 பேர், மாசம் 20 ரூபாய். பெயர் எழுதிய துண்டுகளைச் செம்பில் போட்டுக் குலுக்குவாள். எடுக்கிற கை என்னுடையது. யார் பெயர் வந்தாலும் எனக்கு ஒரு கடலை மிட்டாய். ஏன் ஏலம் விடவில்லை என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "ஏலம் விட்டா அழறவ காசு சிரிக்கிறவளுக்குப் போகும்டா" என்றாள். டிம் பெஸ்லி, ஸ்டீபன் கோட், க்ளென் லூரி என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 1993இல் சீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் என்றால், பெரிய சாமான் ஒன்று வாங்கச் சேமிக்க ஏலத்தைவிடக் குலுக்கலே மேல் என்று அதில் ஒரு முடிவு வரும். அம்மாவிடம் சொன்னேன். இதுக்கு மூணு பேரா என்றாள்.

என் ஆய்வும் சீட்டைப் பற்றித்தான். வேறு எதிலாவது ஆரம்பித்திருக்கலாம் என்று ஒரு மத்தியானம் நினைத்தது உண்டு.

ஸ்ரீரங்கத்தில் பூ கட்டி விற்கும் பெண்களின் வீடுகளுக்குப் படிவத்தோடு போய்க்கொண்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை போனால் வீட்டில் இருப்பார்கள் என்று நானே போட்ட திட்டம். ஒரு வீட்டில் கணவர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் வந்தது. வகுப்பெடுக்கிற குரலில் கேட்டேன்: "சீட்டு மாசம் எவ்வளவும்மா கட்டுறீங்க?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார்.

"நான் எங்க சார் சீட்டு கட்டுறேன்? நீங்க பக்கத்து வீட்ட சொல்றீங்க."

ஆமாம், வீடு மாறிவிட்டது என்றேன். படிவத்தில் சுழியம் போட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது உள்ளே பேச்சு ஏறுவது கேட்டது. திரும்பிப் போய் நான் என்ன சொல்ல முடியும்?

அன்று ராத்திரி அதுவரை எடுத்த படிவங்களை விரித்துப் பார்த்தேன். ஏகப்பட்ட சுழியம். எந்தச் சுழியம் நிஜம், எது கட்டிலைப் பார்த்துச் சொன்னது என்று பிரிக்க வழியே இல்லை. மொத்தத்தையும் கட்டிப் பரணில் போட்டேன்.

இத்தனைக்கும் இது நான் படிக்காத விஷயம் இல்லை. சிவான் ஆண்டர்சனும் ஜான்-மரி பாலாண்டும் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் ஆய்வு செய்து 2002இல் எழுதியதே இதுதான்: அங்கே சீட்டில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் கணவரோடு வாழும் பெண்கள், பணம் அவர் கைக்குப் போகாமல் காப்பதற்கு ஒரு வழி அது. எம்.ஏ. வகுப்பில் அந்தக் கட்டுரையைக் கரும்பலகையில் சமன்பாட்டோடு நடத்தியவன், அதே கணவர் முன்னால் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது வீடுகளுக்குப் போவதில்லை. விடிவதற்குள் பூ மார்க்கெட். ஈரச் சாக்கின் ஓரத்தில் குந்திக்கொண்டால், அவர்கள் தொடுத்துக்கொண்டே பேசுவார்கள். விரல் நிற்காது, நார் நிற்காது, பேச்சும் நிற்காது. வட்டிக் கணக்கு எனக்கு எக்செல்லில் வருவது அவர்களுக்கு வாயில் வருகிறது. கடைசியாக எடுத்தால்தான் லாபம் என்று அவர்களுக்கும் தெரியும். ஆடிக்கு முன்னால் எடுக்கிறவள் ஏன் எடுக்கிறாள் என்றும் தெரியும்.

சாயங்காலம் அம்மாவோடு தாயம். 81 வயதில் என் காய்களை இரக்கமில்லாமல் வெட்டுகிறாள். புளியங்கொட்டை குறைந்து வந்ததற்கு ஒவ்வொரு வருஷமும் வசவு உண்டு. பிள்ளைகள் வறுத்துத் தின்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்த வீட்டுப் பெண்ணை மார்க்கெட்டில் பார்த்தபோது முதல் சில வாரம் வேறு வரிசைக்கு ஒதுங்கிப் போனேன். போன வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். இரண்டு முழம் மல்லிகையை இலையில் சுற்றி நீட்டி, காசு வேண்டாம் என்றார்.

"இந்த மாசம் எடுத்துட்டேன் சார்" என்றார், குரலைத் தாழ்த்தி.

எதற்கு என்பது என் படிவத்தில் 14ஆவது கேள்வி. கேட்கவில்லை. பூவை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தேன்.