வேப்பங்கொட்டைக் கரைசல் எதுக்குக் கேக்கும், எதுக்குக் கேக்காது

வாட்ஸ்அப்ல தினம் ஒரு கஷாயம் வருது. இஞ்சி, பூண்டு, எருக்கு, நொச்சி, ஆடாதொடை எல்லாத்தையும் இடிச்சு கோமியத்துல ஊறப்போட்டு எந்த நோய் வந்தாலும் அடிங்க போயிரும்னு. பூச்சிக்கும் அதே, பூஞ்சாணத்துக்கும் அதே, வைரஸுக்கும் அதே. இலைதழை மருந்து வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான், எங்க வயல்ல வருஷா வருஷம் அடிக்கிறதுதான், ஆனா எந்த நோய்க்குக் கேக்கும் எதுக்குக் கேக்காதுன்னு யாருமே பேசமாட்டேங்கிறாங்க.

நல்லா கேக்குறத மொதல்ல சொல்லிடறேன். உளுந்துல வர்ற சாம்பல் நோய். டெல்டாவுல நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஈரத்துலயே உளுந்து தெளிச்சு விடுவோம்ல, அது பூ எடுக்குற சமயத்துல பகல்ல வெயிலு ராத்திரி பனின்னு இருக்கும், அப்ப அடி இலைல திருநீறு தெறிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். விரலால தேச்சுப் பாருங்க, மாவு விரல்ல வந்துரும், கீழ இலை பச்சையாவே இருக்கும். விஷயமே அதுலதான் இருக்கு. இந்தப் பூஞ்சாணம் பெரும்பாலும் இலைக்கு வெளியதான் படர்ந்து கிடக்கு, உறிஞ்சுறதுக்கு மட்டும் மேல்தோலுக்குள்ள காலை இறக்கி வெச்சிருக்கும். அதனால நாம அடிக்கிறது நேரா அது மேலயே போய் விழுது. வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், இல்லன்னா வேப்பெண்ணெய் 3 சதவீதம், புள்ளி கண்ணுல பட்ட உடனே ஒரு தடவை, 10 நாள் கழிச்சு இன்னொரு தடவை. தைல மர இலைச்சாறு 10 சதவீதமும் சொல்றாங்க, வேலி ஓரமா மரம் நிக்கிறவங்களுக்கு அது சுலபம். செடி முழுக்க வெள்ளையடிச்ச மாதிரி ஆனப்புறம் எதைத் தெளிச்சாலும் மனசுக்குத்தான் ஆறுதல்.

கரைசல் போடறதுல கொஞ்சம் நுணுக்கம் இருக்கு. 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம்பருப்பு, அதாவது கொட்டைய உடைச்சா உள்ள இருக்கறது. மிக்ஸில போட்டு ஓட்டினா சூடாகி எண்ணெய் கசிஞ்சு களி மாதிரி திரண்டுக்கும், உரல்ல ஒண்ணு ரெண்டா இடிக்கிறதே தேவலாம். துணில மூட்டையா கட்டி ராத்திரி பூரா ஊறவெச்சு காலைல அந்த மூட்டைய தண்ணிக்குள்ளயே பிசைஞ்சு பிசைஞ்சு பிழியணும், பால் மாதிரி வெள்ளையா இறங்கினா கொட்டை நல்ல கொட்டை, பழுப்பா இறங்கினா பழசு. ஆனி ஆடில பொறுக்கி நிழல்ல காயவெச்ச கொட்டைன்னா மாசிக்கு சரியா இருக்கும், 8 மாசம் தாண்டிட்டா வீரியம் இறங்கிடும். ஈரத்தோட சாக்குல கட்டி வெச்சீங்கன்னா கொட்டையிலயே பூஞ்சாணம் பிடிச்சிடும், பூஞ்சாண மருந்துக்கே பூஞ்சாணம்! வடிகட்டுறதுக்கு பழைய வேட்டிய ரெண்டா மடிச்சுக்கோங்க, இல்லன்னா நாலு பாத்திக்கு ஒருக்கா நாசில் அடைச்சு உயிரை வாங்கும். இலைல ஒட்டுறதுக்குச் சேக்குற சோப்புக் கரைசல அடிக்கப்போற நேரத்துல மட்டும் சேருங்க, காரத்துல வேம்போட சத்து சீக்கிரம் கெட்டுப்போகும். வெயிலும் அதுக்கு ஆகாது, அதனால சாயங்காலம்தான்.

அடுத்தது நெல்லுல இலையுறை அழுகல், கதிர மூடியிருக்கிற இலையோட உறை அழுகிப் போற நோய். இதுக்கு சொல்ற ரெண்டு இலையும் ஊரே திட்டுற செடிங்க, சீமைக்கருவேலமும் நெய்வேலி காட்டாமணக்கும். சீமைக்கருவேலத்த வெட்டச் சொல்லி 2017-ல ஹைகோர்ட் மதுரைக் கிளையே உத்தரவு போட்டுச்சு, அதோட இலையக் காயவெச்சு பொடி பண்ணி ஏக்கருக்கு 10 கிலோ கணக்குல கரைச்சு வடிகட்டி அடிச்சா இந்த நோய் கட்டுப்படும்னு பரிந்துரைல இருக்கு. காட்டாமணக்குக்கும் அதே அளவுதான். ஆனா நேரம் முக்கியம், கதிர் தொண்டைல, அதாவது வெளிய வராம உறைக்குள்ளயே இருக்கும்போது ஒண்ணு, 15 நாள் கழிச்சு ஒண்ணு. கதிர் பாதி வெளிய வந்து மாட்டிக்கிட்டு நிக்குதுன்னா அந்த உறைய உரிச்சுப் பாருங்க, உள்ள வெள்ளையா பூத்து மணியெல்லாம் பழுப்பேறி பதரா இருக்கும், அங்க மருந்து எப்படிப் போய் சேரும்?

வாழை வாடல் நோய்க்கு இலைல எதைத் தெளிச்சாலும் பிரயோஜனமில்ல, அது மண்ணுலேருந்து வேர் வழியா ஏறி தண்ணி போற குழாய்க்குள்ளயே உக்காந்திருக்கு. உளுந்து வேரழுகலும் மண்ணு வழியாத்தான், அதுக்கு விதைக்கும்போதே கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி, அதாவது கெட்ட பூஞ்சாணத்த அடக்குற நல்ல பூஞ்சாணம், கலந்துடணும். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஒரு கடைக்காரர் "எல்லா பூஞ்சாணத்துக்கும் மூலிகை மருந்து"ன்னு ஒரு பாட்டில நீட்டினாரு, உள்ள என்ன இருக்குன்னு லேபிள்ல ஒரு வரி கூட இல்ல, விலை மட்டும் பெருசா இருந்துச்சு.

இன்னொண்ணு, வேம்பு காப்புரிமை கேஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நிறைய பேர் அது வேப்ப மரத்துக்கே வாங்கின பேட்டன்ட்னு நினைச்சிட்டிருக்காங்க. 1994-ல ஐரோப்பாவுல டபிள்யூ.ஆர். கிரேஸ்ங்கிற அமெரிக்க கம்பெனியும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து வாங்கினது வேப்பெண்ணெய வெச்சு பயிர்ல பூஞ்சாணத்தக் கட்டுப்படுத்துற முறைக்கு, அதாவது நாம உளுந்துல பண்ணிட்டிருக்கோமே அதுக்கு! சுற்றுச்சூழல் ஆர்வலர் வந்தனா சிவா உள்பட மூணு தரப்பு எதிர்த்து கேஸ் போட்டு 2000-ல ரத்தாச்சு, 2005-ல அப்பீலும் தள்ளுபடி.

வேப்பெண்ணெய் அடிச்சும் சாம்பல் நோய் அடங்கலன்னா உடனே அடுத்த நாளே நனையும் கந்தகத்த, அதான் தண்ணில கலந்து அடிக்கிற கந்தகத் தூள, எடுத்துக்கிட்டு போயிடாதீங்க. எண்ணெய்யும் கந்தகமும் சேர்ந்தா இலை கருகிடும், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வாரமாவது இடைவெளி வேணும். அதனால புள்ளி வேகமா ஏறுற வருஷம்னு தோணுச்சுன்னா எண்ணெய்ய விட்டுட்டு மொதல்லயே கந்தகத்துக்குப் போயிடறது நல்லது, நான் அப்படித்தான் பண்றேன்.