யாரை எண்ணினார்கள், எதால் வகுத்தார்கள்?

பி.யு.சி. (கர்நாடகத்தின் பிளஸ் டூ) ரிசல்ட் வந்ததும் பெங்களூர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமான செய்தி: பொண்ணுங்கதான் முன்னிலை. ஐஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇயின் ரேங்க் பட்டியல் வந்தால் பேச்சு அப்படியே தலைகீழ். இரண்டும் உண்மைதான். முன்னது கலை, வணிகம், அறிவியல் மூன்றுக்கும் சேர்த்த தேர்ச்சி விகிதம். பின்னதில், வீட்டில் யாருக்குக் கோச்சிங் பணம் கட்டினார்கள் என்பதும் கலந்திருக்கிறது.

மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் (2021-22) அறிவியல் படிப்பவர்கள் 57.2 லட்சம், அதில் பெண்கள் 29.8 லட்சம், அதாவது 52%. இந்தக் கணக்கில் பொறியியல் கிடையாது. அங்கே பத்துக்கு மூன்று பேர்தான் பெண்கள். ஆகவே ‘அறிவியல்’ என்று யாராவது சதவீதம் சொன்னால், பி.எஸ்சி.யா பி.இ.யா என்று முதலில் கேளுங்கள். ஐஐடியில் பெண்கள் பங்கு 2018க்குப் பின் ஏறியதை வைத்துத் திறமையை அளக்கவே முடியாது. பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கியதால் ஏறியது அது.

மொத்தக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு, 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கையை விஞ்ச வேறு உதாரணம் இல்லை. விண்ணப்பித்த ஆண்களில் 44% பேருக்கு இடம், பெண்களில் 35%. துறைவாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. ‘ஏ’ துறையில் 825 ஆண்களில் 62%, 108 பெண்களில் 82%. ‘எஃப்’ துறையில் 373 ஆண்களில் 6%, 341 பெண்களில் 7%. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘பாரபட்சமே இல்லை’ என்று முடிக்கிறவர்கள்தான் நிறைய. அவசரம்! பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்பதே கேள்வியானால், துறைவாரியாகப் பிரிப்பது அந்தக் கேள்வியையே கணக்கிலிருந்து அழித்துவிடும். சேர்க்கைக் குழுவைச் சோதிக்கத்தான் அந்தப் பிரிப்பு. பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கவிடாமல் தடுத்த வீட்டைச் சோதிக்க அல்ல.

முதல் நூறு ரேங்க்கை வைத்துச் சராசரியைப் பேசுவதும் தப்பு. பெரும்பாலோர் நடுவிலும் சிலரே ஓரங்களிலும் இருக்கும் மணி வடிவப் பரவலில், இரு குழுக்களின் சராசரி 0.2 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) மட்டும் விலகியிருக்கட்டும், பரவலின் அகலம் ஒன்றே. இரண்டு வரைபடமும் 92% ஒன்றன்மேல் ஒன்று படியும். ஆனால் இரு சராசரிகளின் நடுப்புள்ளியிலிருந்து மேலே 3 திட்ட விலக்கம் தாண்டிய உச்ச மதிப்பெண்காரர்களில் இரு குழுக்களின் விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. அகலத்தில் சிறு வேறுபாடு இருந்தால், சராசரி சமமாக இருந்தும் உச்சியில் இடைவெளி தெரியும். எனவே ரேங்க் பட்டியலோடு எழுதியவர்களின் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம் மூன்றையும் ஆண், பெண் வாரியாகக் கேட்டு வாங்குங்கள்.