31 குதிரை நீளம், எட்டடிப் பலகை

செக்ரட்டேரியட் என்ற பந்தயக் குதிரை 1973 ஜூன் 9இல் அமெரிக்காவின் பெல்மொண்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தை 31 குதிரை நீளத்தால் வென்றது. அந்த இடைவெளியை அளவு பிசகாமல் காட்டத்தான் இந்தச் சிறிய மாதிரியுரு. குதிரையின் அழகு பிறகு. ஒரு நீளம் ஏறத்தாழ 2.4 மீற்றர். 1:32 அளவில் 7.5 சென்ரிமீற்றர், 31 நீளம் 232.5. இரண்டாவதாக வந்த ட்வைஸ் எ பிரின்ஸின் உடலும் சேர்ந்தால் 240. எட்டடி பிளைவுட் 244. மூக்கிலிருந்து மூக்குக்கே அளக்கவேண்டும். முன்குதிரையின் வாலிலிருந்து அளந்தால் பின்குதிரை பலகைக்கு வெளியே போய்விடும். முழு ஓட்டத்தையும் இதே அளவில் வைக்க 75 மீற்றர் ஒழுங்கை வேண்டும்!

பலகை 12 மில்லிமீற்றர், அகலம் 8 அங்குலம், அடியில் 2க்கு 1 சட்டம். பசையை மேலே மட்டும் பூசினால் கச்சான் காலத்தில் வளையும். இரு பக்கமும் பூசுங்கள்.

ஓடுபாதைக்குக் கல்லடிக் கடற்கரை மணல் கிட்ட இருக்கிறது, ஆனால் உப்பு. மூன்று தண்ணீரில் அலசாவிட்டால் மாரியில் ஈரம் இழுத்துப் பசை வெளுத்துக் கழரும். அரை மில்லிமீற்றர் மணியே இந்த அளவில் 16 மில்லிமீற்றர் கல்லாகிவிடும்; தேயிலை வடியில் அரித்து, செங்கல் தூள் கலந்தால் நிறமும் சரியாகும்.

குதிரைக்கு எலும்பு, வீட்டு வயரிங்கில் உரித்த 1.13 மில்லிமீற்றர் செப்புக் கம்பி. இரும்பு வேண்டாம், உப்புக் காற்றில் துரு மேலே வைக்கும் எபொக்சி புட்டியைப் பிளக்கும். தோள் உயரம் 5.2 சென்ரிமீற்றர். முழங்காலுக்குக் கீழே கம்பியே கிட்டத்தட்ட சரியான தடிப்பு, அங்கே எபொக்சி புட்டி வைத்தால் வண்டில் மாட்டுக் கால்தான் வரும். நிலத்தில் ஊன்றும் காலின் கம்பியை 1 சென்ரிமீற்றர் பலகைக்குள் இறக்கவேண்டும்.

நிறம் செம்பழுப்பு. முதலில் மஞ்சட்காவி பூசி, காய்ந்தபின் செம்பழுப்பை மெல்லிதாக இரண்டு தரம். பிடரியும் வாலும் அதே நிறம். கறுப்படித்தால் வேறு குதிரை. முன்னங்கால் ஒன்றும் பின்னங்கால் இரண்டும் வெள்ளை. குதிரையை ஓட்டிய ரொன் டர்கொட்டின் நீல-வெள்ளைக் கட்டச் சட்டை தூரிகைக்கு அடங்காது; ஜெல் பேனையால் மெல்லிய கடதாசியில் கீறி ஒட்டியது நன்றாக வந்தது. அவருடைய தலை இடப்பக்கம் திரும்பியிருக்கவேண்டும், நேரப் பலகையை அப்படித்தான் பார்த்தார்: 2 நிமிடம் 24 செக்கன். மண் தரையில் ஒன்றரை மைலுக்கு அதை இன்னும் எதுவும் முறியடிக்கவில்லை.

முதல் முக்கால் மைல்வரை மல்லுக்கட்டிய ஷாம் என்ற குதிரை பலகையில் இல்லை. கடைசியாக வந்த அதற்கு எட்டடி போதாது.

மிச்சம்: முடிவுக் கம்பம், உள்வேலி, ட்வைஸ் எ பிரின்ஸின் சேணம்.